மார்ட்டினி-ஹென்றி தோட்டா: பழி துப்பாக்கிக்கா, சுருட்டிய தகட்டுக்கா?

#1 · ஆலடி முத்து

நண்பர்களுக்கு வணக்கம். ரொம்ப நாளாக என்னை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு சந்தேகத்தை இங்கே வைக்கிறேன்.

1879 ஜனவரி 22. தென்னாப்பிரிக்காவில் இசாண்டில்வானா மலையடியில் இருந்த பிரிட்டிஷ் முகாமை ஜூலுப் படை ஒரே பகலில் அழித்தது. முகாம் பக்கம் செத்தவர்கள் 1,300 பேருக்கு மேல். அந்தச் சிப்பாய்கள் கையில் இருந்தது மார்ட்டினி-ஹென்றி. பழகிய கைக்கு நிமிடத்துக்குப் பன்னிரண்டு வெடி போடும் ரைபிள். ஜூலுக்களிடம் பெரும்பாலும் ஈட்டியும் கேடயமும், கூடவே கொஞ்சம் பழைய துப்பாக்கிகள்.

தோல்விக்கு இரண்டு காரணங்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. ஒன்று, தோட்டாப் பெட்டிகளின் மூடியைத் திருகாணி போட்டு இறுக்கியிருந்ததால் அவசரத்துக்குத் திறக்க முடியவில்லை. இன்னொன்று, சுட்ட உறை துப்பாக்கிக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. இந்த இரண்டாவதுதான் எனக்குப் புரியவில்லை. பித்தளை உறைதானே, அது ஏன் சிக்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 · பழைய ஏடு

முத்து, நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். நீங்கள் மனதில் வைத்திருப்பது இன்றைய தோட்டா உறை என்று நினைக்கிறேன். ஒரே துண்டுப் பித்தளை, கெட்டியான அடிப்பாகம். 1879இல் அந்தச் சிப்பாயின் பையில் இருந்தது அது இல்லை.

அந்தத் தோட்டாவை உள்ளிருந்து வெளியே சொல்கிறேன். குண்டு 480 கிரெய்ன், அதாவது 31 கிராம். நம் கணக்கில் நாலு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. ஈயம் பன்னிரண்டு பங்குக்கு வெள்ளீயம் ஒரு பங்கு கலந்து கொஞ்சம் கடினப்படுத்தியது. ஈயம் குழலுக்குள் ஒட்டாமல் இருக்க, குண்டின் கீழ்ப்பாதியைச் சுற்றி மெல்லிய காகிதம். அதற்குக் கீழே அட்டை வில்லைகள், நடுவில் தேன்மெழுகு வில்லை ஒன்று. அதற்கும் கீழே 85 கிரெய்ன், அதாவது ஐந்தரை கிராம் கருமருந்து. குண்டு நொடிக்கு ஏறத்தாழ 410 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுப் போகும்.

இதையெல்லாம் தாங்குகிற உறைதான் விஷயம். அது சுருட்டிய பித்தளைத் தகடு. சிகரெட்டுக்குக் காகிதம் சுற்றுகிற மாதிரி, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே தடிமன் உள்ள தகட்டைச் சுற்றிக் குழாயாக்கி, உள்ளே மெல்லிய காகிதம் ஒட்டி, அடியில் இரும்பு வட்டத்தட்டு ஒன்றைப் பொருத்திவிடுவார்கள். சுட்ட உறையை வெளியே எடுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் பிடித்து இழுப்பது அந்த இரும்புத் தட்டின் விளிம்பை. குழாயும் தட்டும் தனித்தனித் துண்டுகள் என்பதை மறக்காதீர்கள்.

இந்த முறையை உருவாக்கியவர் ஊல்விச் ராயல் லேபரட்டரியின் தலைவராக இருந்த எட்வர்ட் பாக்ஸர். முதலில், மார்ட்டினிக்கு முன்பு பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்த ஸ்னைடர் துப்பாக்கிக்காகச் செய்தார், 1866 வாக்கில். தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன கேப்பை இன்றும் பாக்ஸர் பிரைமர் என்று சொல்கிறோமே, அவரேதான்.

#3 · செந்தில் 77

இரண்டு துண்டாகச் செய்து ஒட்டியதை நம்பி ஒரு ராணுவத்தையே அனுப்பினார்களா? அப்படியென்றால் இசாண்டில்வானாவில் ஜெயித்தது அந்தத் தகடுதான். எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

#4 · லேத்துப்பட்டறை

செந்தில் தம்பி, அவசரப்படாதீர்கள். நான் கோவையில் இருபத்து மூன்று வருடமாகப் பிரஸ் ஷாப் வேலை பார்க்கிறவன். அந்தச் சுருட்டல் யோசனை மட்டமானது அல்ல என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

மருந்து வெடிக்கும்போது உறை விரிந்து, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையின் சுவரோடு ஒட்ட வேண்டும். ஒட்டினால்தான் வாயு பின்பக்கம், சுடுபவன் முகத்துக்கு வராது. சுருட்டிய தகடு இதை அருமையாகச் செய்யும். சுருள் கொஞ்சம் பிரிந்து கொடுக்கும், கிழியாது. அறை ஒரு நூல் பெரிதாக இருந்தாலும் பொருந்திக்கொள்ளும். ஆனால் ஒட்டினால் மட்டும் போதாது, அழுத்தம் போனதும் உறை சுவரை விட்டு விலகவும் வேண்டும். எங்கள் தொழிலில் அதை ஸ்பிரிங்பேக் என்போம். கெட்டியாக இழுத்துச் செய்த பித்தளைக்கு அந்தக் குணம் உண்டு. மயிரிழை அளவு சுருங்கும், அந்த மயிரிழை போதும். பிரிந்த சுருளுக்கோ திரும்பிச் சுருளத் தெரியாது. விரிந்த இடத்திலேயே நிற்கும்.

சரி, ஸ்னைடரில் ஏன் இவ்வளவு தொல்லை இல்லை? அதன் உறை ஏறக்குறைய நேர்க்குழாய். மருந்தும் 70 கிரெய்ன்தான். மார்ட்டினிக்கு 85 கிரெய்ன் மருந்தை நேர்க்குழாயில் போட்டால் தோட்டா ஒல்லியாக, மிக நீளமாக வரும். எளிதில் வளையும், அறையும் நீள வேண்டும். அதனால் ஸ்னைடரின் .577 அங்குல உறையை நீட்டி, தோளுக்கு மேலே .450க்குக் கழுத்தை நெருக்கினார்கள். .577/450 என்ற பெயர் அப்படி வந்ததுதான். குட்டையானது, ஆனால் பாட்டில் வடிவம். சுருட்டிய தகட்டில் பாட்டில் கழுத்து செய்தால் என்ன ஆகும்? புடவைக் கொசுவம் மாதிரி மடிப்பு விழும். மடிப்புக்குள் கசடு போகும், அடுத்த வெடியில் அந்த மடிப்பு சுவரில் அழுந்தும். என் பார்வையில் கோளாறு தொடங்குவது இங்கேதான்.

இன்னொன்றும் இருக்கிறது. பிந்தைய போல்ட் துப்பாக்கிகளில் கைப்பிடியைத் தூக்கும்போதே ஒரு சரிவு உறையை மெல்லக் கிளப்பிவிடும், அப்புறம்தான் இழுவை. மார்ட்டினியில் அது கிடையாது. கீழே உள்ள நெம்புகோலைத் தள்ளினால், அறையின் பின்வாயை மூடியிருக்கும் பிளாக் இறங்கி எக்ஸ்ட்ராக்டரை ஒரே அடியாகத் தட்டும். ஒட்டிய சுருளை அப்படித் தட்டினால் இரும்பு விளிம்பு மட்டும் பிய்ந்து கையோடு வரும், குழாய் உள்ளேயே நிற்கும்.

#5 · வேதியியல் டீச்சர்

லேத்து அண்ணன் தகட்டைச் சொன்னார், நான் மருந்தைச் சொல்கிறேன்.

கருமருந்து என்றால் வெடியுப்பு, கந்தகம், கரி. எரிந்தால் முழுவதும் வாயுவாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கிடையாது. எடையில் பாதிக்கு மேல் திடமாகவே மிஞ்சும். பொட்டாசியம் கார்பனேட், சல்பேட், சல்பைடு. 1870களில் நோபிள், ஏபெல் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் மூடிய இரும்புக் கலத்தில் வெடிக்க வைத்து இதை அளந்தே காட்டினார்கள். அதாவது ஐந்தரை கிராம் மருந்து வெடித்தால் மூன்று கிராம் அளவுக்குக் கசடு. கொஞ்சம் புகையாகப் போகும், மீதி குழலிலும் அறையிலும் படியும். கோயில் திருவிழாவில் வேட்டுக் குழாய் வெடித்த பிறகு பக்கத்தில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உள்ளே சாம்பல் பூத்த கறுப்பு, அழுகிய முட்டை வாடை. சல்பைடின் வேலை.

இந்தக் கசடு ஈரத்தை இழுக்கும். ஈரக்காற்று இருந்தால் களிம்பு மாதிரி நெகிழும், அடுத்த குண்டே அதைத் துடைத்துக்கொண்டு போகும். தேன்மெழுகு வில்லை வைத்ததன் நோக்கமும் அந்த நெகிழ்ச்சிதான். வறண்ட சூட்டில் இதே கசடு ஓடாகக் காயும். அப்போது குழல் ஒவ்வொரு வெடிக்கும் குறுகிக்கொண்டே போகும், உதை கூடும். நீண்ட சண்டைகளில் சிப்பாய்களின் தோள் கன்றிப்போனதும் மூக்கில் ரத்தம் வந்ததும் இதனால்தான். அந்த ரைபிளின் எடை நாலு கிலோ என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சூட்டையும் சொல்ல வேண்டும். இருபது முப்பது வெடிக்குப் பிறகு குழலைத் தொட முடியாது. இடக்கை பிடிக்கும் இடத்தில் பச்சை மாட்டுத்தோலைச் சுற்றித் தைத்துக் காயவிட்டு அதைப் பிடித்துச் சுட்டிருக்கிறார்கள்.

#6 · டர்பன் தேவி

இந்த இழையைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் குடும்பம் 1860களில் மெட்ராஸ் கப்பலில் நாட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தது. நான் டர்பனில் பிறந்தவள், தமிழ் அப்பாவிடம் எழுதப் படித்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இசாண்டில்வானாவுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். மலை படுத்திருக்கும் சிங்கம் மாதிரி தனியாக நிற்கிறது. புல்வெளி முழுக்க வெள்ளையடித்த கற்குவியல்கள். ஒவ்வொன்றும் அங்கே விழுந்தவர்களைச் சேர்த்துப் புதைத்த இடம். வரைபடத்தில் பார்த்தால் முகாமும் துப்பாக்கி வரிசையும் பக்கத்தில் தெரியும். நடந்து பார்த்தால்தான் தூரம் புரிகிறது. முகாமிலிருந்து வரிசை இருந்த இடம் வரை நான் நடந்தபோது மூச்சு வாங்கியது, என் கையில் ஒரு தண்ணீர் பாட்டில்தான் இருந்தது. தோட்டாப் பெட்டி ஒன்றில் 600 தோட்டா. அதைத் தூக்கிக்கொண்டு ஜனவரி வெயிலில், எங்களுக்கு அது நடுக்கோடை, அந்தப் புல்லில் ஓடுவதை நினைத்துப் பாருங்கள்.

அன்றைக்கு மதியம் சூரிய கிரகணமும் இருந்தது. பகுதி கிரகணம்தான். ஆனால் ஏற்கெனவே ஆயிரம் துப்பாக்கிகளின் வெள்ளைப் புகை. எதிரே யார் வருகிறார்கள் என்றே தெரிந்திருக்காது.

செந்திலுக்கு ஒன்று சொல்கிறேன். அதே நாள் மாலை, அங்கிருந்து சுமார் பதினைந்து கிலோமீட்டரில் ரோர்க்ஸ் டிரிஃப்ட். அதே ரைபிள், அதே தோட்டா, ஏறக்குறைய 150 பேர். அவர்கள் விடிய விடியச் சுட்டார்கள், நின்றார்கள். கையிருப்பு 20,000 தோட்டா அளவில் இருந்தது, காலையில் மிஞ்சியது 900 போல. அங்கேயும் உறை சிக்கத்தான் செய்தது. சிக்கினால் குத்தித் தள்ளிவிட்டு அடுத்ததைப் போட்டிருக்கிறார்கள். தகடுதான் ஜெயித்தது என்றால் ரோர்க்ஸ் டிரிஃப்டிலும் அது ஜெயித்திருக்க வேண்டுமே?

#7 · செந்தில் 77

தேவி அக்கா, அது நியாயமான கேள்வி. யோசித்தேன். ஆனால் ரோர்க்ஸ் டிரிஃப்டில் மாவு மூட்டையும் பிஸ்கட் பெட்டியும் அடுக்கிச் சுவர் வைத்திருந்தார்கள். சுவருக்குப் பின்னால் இருப்பவனுக்குச் சிக்கிய உறையைக் குத்தி எடுக்க நேரம் இருக்கும். திறந்த வெளியில், ஆளுக்கு ஆள் சில அடி இடைவெளியில் நிற்பவனுக்கு அந்த அரை நிமிடம் கிடைக்குமா? அதனால் என் கருத்தைப் பாதிதான் திரும்பப் பெறுகிறேன்.

திருகாணிக் கதை என்ன ஆயிற்று?

#8 · பழைய ஏடு

திருகாணியை முதலில் முடித்துவிடுகிறேன். பெட்டியைச் சுற்றிச் செப்புப் பட்டை இருந்தது உண்மை. அந்தப் பட்டையைக் கழற்ற வேண்டிய தேவையே இல்லை. நடுவில் ஆப்பு வடிவத்தில் ஒரு சறுக்கு மூடி, அதைப் பிடித்திருப்பது ஒரே ஒரு பித்தளைத் திருகாணி. துப்பாக்கிக் கட்டையால் ஓரத்தில் ஓங்கி இடித்தால் மூடி பெயர்ந்துவிடும். உள்ளே தகர உறையைக் கிழித்தால் பத்துப் பத்தாகக் காகிதத்தில் கட்டிய பொட்டலங்கள். உயிர் தப்பிய ஸ்மித்-டோரியன் தான் பெட்டிகளை உடைத்ததையும், குவார்ட்டர்மாஸ்டர், அதாவது சரக்குப் பொறுப்பு அதிகாரி ஒருவர் அதற்குத் தடை சொன்னதையும் பிற்காலத்தில் எழுதினார். அதிலிருந்துதான் கதை ஊதிப் பெருகியது. பெட்டி திறந்ததா என்பதை விட, திறந்த பெட்டி வரிசை வரை போய்ச் சேர்ந்ததா என்பதே கேள்வி. வலது கோடியில் டர்ன்ஃபோர்டின் குதிரைப்படைக்குத் தோட்டா தீர்ந்தது. ஆள் அனுப்பியும் சரியான வண்டி அகப்படவில்லை. அந்த முனை பின்வாங்கியதும் வரிசை திறந்துகொண்டது.

இனி உறைக்கு வருகிறேன். செந்தில், உங்கள் அரை நிமிடக் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு சண்டையை வைத்து உறையை எடை போட முடியாது. வேறு இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது பிளெவ்னா, 1877. உஸ்மான் பாஷாவின் துருக்கிப் படை ரஷ்யர்களை மாதக்கணக்கில் தடுத்து நிறுத்தியது. துருக்கியர் கையில் இருந்தது பீபடி-மார்ட்டினி. அமெரிக்காவில் ரோட் ஐலண்டில் செய்தது. இறங்கும் பிளாக், கீழே நெம்புகோல் எல்லாம் பிரிட்டிஷ் துப்பாக்கியின் அதே அமைப்பு. ஆனால் தோட்டா வேறு. அமெரிக்காவில் இழுத்துச் செய்த ஒரே துண்டுப் பித்தளை உறை. அகழியில் ஆளுக்குப் பக்கத்தில் பெட்டி பெட்டியாகத் தோட்டாவை வைத்துக்கொண்டு, ரஷ்யர்கள் வெகுதூரத்தில் வரும்போதே மழையாகக் கொட்டினார்கள். ஐரோப்பா முழுக்க ராணுவ அதிகாரிகள் அதைப் பற்றிப் பேசினார்கள். அங்கே துப்பாக்கி சிக்கியது என்று யாரும் பெரிதாகப் புகார் சொல்லவில்லை.

இரண்டாவது அபு கிளியா, சூடான், 1885 ஜனவரி 17. கார்ட்டூமில் முற்றுகையில் இருந்த கோர்டனை மீட்கப் போன ஒட்டகப் படை. மணல், வறட்சி, டீச்சர் சொன்ன ஓடாகக் காயும் கசடு. சுருட்டிய உறைகள் கூட்டம் கூட்டமாகச் சிக்கின. கார்ட்னர் இயந்திரத் துப்பாக்கியும் நின்றது. சதுர வியூகம் உடைந்து உள்ளே கைகலப்பு. கர்னல் பர்னபி செத்தது அங்கேதான். அதற்குப் பிறகு பிரிட்டனில் பத்திரிகைகளும் பாராளுமன்றமும் கொதித்தன. 1880களின் நடுவில் ஒருவழியாக ஒரே துண்டுப் பித்தளை உறைக்கு மாறினார்கள். அடுத்து வந்த நாலாம் மார்க் மார்ட்டினியில் நெம்புகோலையும் நீட்டினார்கள், இழுவைக்குப் பலம் சேர.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமைப்பு ஒன்று, உறை வேறு, முடிவு வேறு. மார்ட்டினி மோசமான துப்பாக்கி என்று யாராவது சொன்னால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். பிளெவ்னா 1877இல் நடந்தது. பிரிட்டிஷ் சிப்பாய்க்கு அதே மாதிரி உறை கிடைக்க இன்னும் எட்டு வருடம் பிடித்தது. அந்த எட்டு வருடத்துக்கு என்னால் எந்தச் சமாதானமும் சொல்ல முடியவில்லை.

#9 · ஆலடி முத்து

கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது, எல்லோருக்கும் நன்றி. ஒரு துணைக் கேள்வி. நம் நாட்டுச் சிப்பாய்களுக்கு இந்த ரைபிள் கொடுத்தார்களா?

#10 · பழைய ஏடு

உடனே கொடுக்கவில்லை. 1857க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்க்கு ஒரு தலைமுறை பழைய ஆயுதம் என்பது கொள்கையாகவே இருந்தது. 1880 ஜூலை 27 மைவந்த் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள், ஆப்கானிஸ்தான். ஒரே வரிசையில் 66ஆம் ரெஜிமென்ட் வெள்ளைக்காரர்களிடம் மார்ட்டினி, பக்கத்தில் பம்பாய் கிரனேடியர்களிடமும் ஜேக்கப்ஸ் ரைபிள்ஸிடமும் ஸ்னைடர். ஸ்னைடரின் குண்டு 500 கெஜத்துக்குப் போக இன்னும் உயரமாக வளைந்து ஏறி இறங்க வேண்டும். மார்ட்டினிக்கே அந்தத் தூரத்துக்கு நடுவழியில் சுமார் இரண்டரை மீட்டர் ஏற வேண்டும், அதாவது ஆள் தலைக்கு மேலே போய்விடும். தூரத்தைத் தப்பாகக் கணித்தால் அவ்வளவுதான். மைவந்த் தோல்விக்குப் பல காரணங்கள் உண்டு, ஆனால் பக்கத்தில் நிற்பவன் கையில் நல்லது, தன் கையில் பழசு என்பது அந்தச் சிப்பாய்க்குத் தெரியும். இந்தியப் படைகளுக்கு மார்ட்டினி பரவலாக வந்தது, வெள்ளைக்காரர் .303 லீ-மெட்ஃபோர்டுக்கு நகர்ந்த பிறகுதான்.

அந்த .303கூட 1888இல் கருமருந்தோடுதான் தொடங்கியது. 1886இலேயே பிரான்ஸ் புகையற்ற மருந்தோடு லெபெல் ரைபிளைக் கொண்டுவந்துவிட்டது. 1890களின் தொடக்கத்தில் பிரிட்டனின் புகையற்ற மருந்தான கார்டைட் வந்ததும் கருமருந்துத் தோட்டாவின் காலம் முடிந்தது.

#11 · வேதியியல் டீச்சர்

கருமருந்தின் வெடியுப்பில் பெரும்பங்கு பீகாரிலிருந்து போனது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மண் சுவர்களிலும் தொழுவத்து மண்ணிலும் பூக்கும் உப்பைச் சுரண்டிக் கரைத்துக் காய்ச்சுகிற நோனியா மக்களின் உழைப்பு அது. ஊல்விச்சைப் பற்றிப் பேசும்போது அவர்கள் பெயர் வருவதே இல்லை.

#12 · டர்பன் தேவி

டீச்சர், இதை நான் கேள்விப்பட்டதே இல்லை. தனி இழை தொடங்குங்கள், நான் வருகிறேன்.

#13 · லேத்துப்பட்டறை

இரண்டு நாள் பதில் போடாததற்குக் காரணம் உண்டு. வாயால் சொன்னதைக் கையால் பார்த்துவிட வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை பட்டறையைத் திறந்தேன். மருந்து, கேப் எதுவும் கிடையாது. வெறும் குழாய் சோதனைதான்.

நூறு மைக்ரான் பித்தளை ஷிம் தகட்டை ஒரு கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி, அடியில் இரும்பு வாஷர் வைத்து ஓரத்தை மடித்து அடித்தேன். இரும்புக் கட்டையில் துளை போட்டுப் பாலிஷ் செய்து அதற்குள் குழாயை இறக்கினேன். குழாய்க்குள் ரப்பர் கட்டையைப் போட்டு ஆர்பர் பிரஸ்ஸில் அழுத்தினால் ரப்பர் நாலாபக்கமும் பிதுங்கிக் குழாயைச் சுவரோடு ஒட்டும். அப்புறம் ரப்பரை எடுத்துவிட்டு வாஷரைக் கொக்கியால் இழுத்தேன்.

முதல் மூன்று குழாயும் வந்துவிட்டன. உடனே நான் சொன்னது தப்போ என்று நினைத்தேன். நாலாவதுக்கு முன்னால் துளைச் சுவரில் சாம்பலைக் குழைத்து மெல்லப் பூசிக் காயவிட்டேன், டீச்சர் சொன்ன ஓடு மாதிரி. அதை இழுத்தபோது ஒரு சின்ன ‘டிக்’ சத்தம். வாஷர் கையோடு வந்தது, ஓரத்தில் பிறை மாதிரி கிழிந்த தகடு ஒட்டிக்கொண்டிருந்தது. மீதிக் குழாய் உள்ளேயே இருந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் உள் சுற்று மட்டும் சுருளாகக் கழன்று வந்தது, வெளிச் சுற்று சுவரை விடவில்லை. அதை முழுதாக எடுக்க எனக்கு நாலு நிமிடம் பிடித்தது. நல்ல வெளிச்சம், பெஞ்ச் வைஸ், எதிரே யாரும் இல்லை.

அப்புறம் அதே அளவில் ஒரே துண்டு அரைக்கெட்டிப் பித்தளைக் குழாயைப் போட்டேன். அதே சாம்பல், அதே அழுத்தம். முதல் இழுப்பிலேயே வந்தது.

கழற்றிய சுருளைக் கழுவாமல் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். முத்து கோவைப் பக்கம் வந்தால் பட்டறைக்கு வாருங்கள், காட்டுகிறேன்.